கதவைச் சாத்திப் போட்ட சாம்பிராணி

1

நிலா, திலீபா,

இதை நிதானமாகப் படியுங்கள். நிலா, நீ எழுத்துக் கூட்டியாவது படித்துவிடுவாய். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு இத்தனை வருஷம் உன்னை இழுத்துக்கொண்டு போனது இதற்காவது உதவட்டும். தம்பிக்கு நீதான் படித்துக் காட்ட வேண்டும். அவன் நடுவில் எழுந்து ஓடினால் ஓடட்டும். திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து படி. ஒரு வரியையும் தாண்டாதே.

நான் பத்தாவதோடு நின்றவன். எழுதுகிற வேலை எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் வாயால் சொன்னால் பாதியில் விழுங்கிவிடுவேன் என்று எனக்கே தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை சமையலறை மேஜை மேல் திலீபனுடைய பள்ளிக்கூடப் படிவம் கிடந்தது. பொங்கல் சமயத்தில் வகுப்போடு பனிமலைக்குப் போகிறானே, அதற்கான உடல்நலப் படிவம். நம் வீட்டில் படிவம் நிரப்புவது எப்போதும் நிலாதான். எட்டு வயதிலிருந்து நீதான் நமக்கு வரும் காகிதங்களைப் படிக்கிறாய். மின்சாரம், வாடகை வீட்டு ஆபீஸ், பிரான்சு சர்க்கார் ஆபீசான பிரெபெக்தூர், எது வந்தாலும் உன்னிடம்தான் நீட்டுவோம். நான் கையெழுத்து மட்டும் போடுகிறவன். அன்றைக்கும் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என்னவோ தோன்றியது, கையெழுத்துக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று விரலை வைத்து வாசித்துப் பார்த்தேன்.

முன்பு வந்த நோய்கள், விபத்துகள் என்று ஒரு கட்டம். அதில் நீ அழகாக எழுதியிருந்தாய். இந்தியாவில், சித்தி வீட்டில், அசுத்தமான தண்ணீர் குடித்து மயக்கம். ஒரு இரவு ஆஸ்பத்திரி. ஆக்சிஜன் வைத்தார்கள்.

என் கை அப்படியே நின்றுவிட்டது.

கெட்ட தண்ணீர் குடித்தவர்களுக்கு யாராவது ஆக்சிஜன் வைப்பார்களா, நிலா? எழுதும்போது உனக்குத் தோன்றவில்லையா? தோன்றியிருக்காது. பப்பா சொன்னதை நீ நம்பினாய். நம்பி, ஒரு சர்க்கார் காகிதத்திலும் எழுதிவிட்டாய்.

அது தண்ணீரால் வந்தது இல்லை. என்னால் வந்தது.

2

முதலில் சாம்பிராணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாவிட்டால் நான் செய்தது உங்களுக்கு விளங்காது.

பாண்டிச்சேரி முத்தியால்பேட்டையில் நான் பிறந்து வளர்ந்த வீடு ஓட்டு வீடு. உங்கள் தாத்தா மில்லில் வேலை பார்த்தார். வெள்ளிக்கிழமை முதல் ஷிப்ட் முடிந்து வந்தால், தலையில் ஒட்டியிருக்கும் பஞ்சைத் தட்டிக் குளித்துவிட்டு, அவரே சாம்பிராணி போடுவார். கொட்டாங்குச்சியை உடைத்துத் தோட்டத்தில் எரிப்பார். சுவாலை அடங்கி நெருப்பு சிவப்பாகத் தெரியும்வரை காத்திருந்து, அதை மண் தூபக்காலில் அள்ளிவைத்து, மேலே சாம்பிராணித் தூளைத் தூவுவார். வெள்ளைப் புகை புசுபுசுவென்று எழும்பும். முதலில் சாமி படங்கள். அப்புறம் சமையலறை, அரிசிப் பானை, கதவு இடுக்குகள், கொடியில் தொங்கும் துணி. கடைசியாக வாசற்படி. எங்கள் பள்ளிக்கூடச் சட்டை மழையில் காயாமல் இருந்தால் அதையும் புகையில் பிடிப்பார். திங்கட்கிழமை வரைக்கும் சட்டையில் வாசனை இருக்கும்.

நேரத்துக்கு ஒன்று சேர்ப்பார்கள். கொசு அதிகமென்றால் காய்ந்த நொச்சி இலை. வீட்டில் அம்மை போட்டு இறங்கியிருந்தால் வேப்பிலை. விசேஷ நாளென்றால் கொஞ்சம் வெட்டிவேரும் சந்தனத் தூளும். யாருக்காவது காரணமில்லாமல் உடம்பு சரியில்லை என்றால் வெண்கடுகு. அது நெருப்பில் படபடவென்று வெடிக்கும். வெடித்தால் கண் திருஷ்டி போயிற்று என்று கணக்கு. குழந்தைகளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியதும் நெருப்பின் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் தலைமுடியை விரித்துப் புகை பிடிக்க வைப்பார்கள். அந்த வெதுவெதுப்பில் குழந்தை அப்படியே தூங்கிப்போகும். நானும் உங்கள் சித்தப்பாவும் அப்படித் தூங்கினவர்கள்தான்.

இது எங்கள் வீட்டு வழக்கம் மட்டுமில்லை. நாங்கள் வாங்குகிற அதே நாட்டு மருந்துக் கடையில், அதே மூட்டையிலிருந்துதான் மாதா கோயிலுக்கும் அளப்பார்கள், தர்காவிலிருந்து தூபக்காலோடு கடை கடையாகப் புகை போட வருகிற பாய்க்கும் அளப்பார்கள். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "சாமிங்க மூணு, மூட்ட ஒண்ணு" என்பார். மாசி மகத்துக்குச் சாமிகள் எல்லாம் கடற்கரைக்கு வரும்போது பார்க்க வேண்டும். மரிக்கொழுந்து, துளசி, இந்தப் புகை எல்லாம் கலந்து கடல் வாசனையையே அமுக்கிவிடும். வாசனை வருகிற இடத்தில் சாமி இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. மூக்கே கற்றுக்கொண்டது.

உங்கள் அம்மாவின் தாத்தா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அவருடைய பிரெஞ்சுக் குடியுரிமைக் காகிதத்தால் அம்மாவுக்கு பிரான்சு. அம்மாவைக் கட்டியதால் எனக்கும் பிரான்சு. இங்கே வந்த முதல் குளிர்காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை, கூடத்தில் தூபக்காலை வைத்தேன். கூரையில் இருந்த கருவி அலறியது. கீழ்வீட்டுக்காரர் ஓடிவந்தார். கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற அம்மாளுக்கு, எனக்குத் தெரிந்த நாலு பிரெஞ்சு வார்த்தையில், "புகை, என் கடவுளுக்கு" என்று சொன்னேன். அந்த அம்மாள், "உங்கள் கடவுளை பால்கனிக்குப் போய்ப் பிடிக்கச் சொல்லுங்கள், மற்றவர்களெல்லாம் அப்படித்தான் செய்கிறார்கள்" என்றார். ஒரு வாரத்தில் வீட்டு ஆபீசிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. தூபக்கால் பெட்டிக்குள் போயிற்று.

அதற்குப் பிறகு என் வாசனை சலவை மருந்துதான். ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கிற இடத்தில் விடியற்காலையிலிருந்து நின்றால் மூக்கில் வேறெதுவும் ஏறாது. வீட்டுக்கு வந்தால் குளிருக்குப் பயந்து காற்று நுழைகிற இடமெல்லாம் அடைத்த அறைகள். திலீபா, உனக்கு ஐந்து வயதில் உன் சிநேகிதனோடு சர்ச்சுக்கு, நீ சொல்கிற எக்லீசுக்கு, போய்விட்டு வந்தாய். அன்று மாலை நான் சாம்பிராணி டப்பாவைத் திறந்து உன் மூக்கருகே காட்டினேன். "பப்பா, இது எக்லீஸ் வாசனை" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது. என் பிள்ளைக்கு அவன் வீட்டு வாசனை அடுத்த வீட்டு வாசனையாகப் போய்விட்டதே என்று அன்றைக்கே மனதில் ஒன்று விழுந்துவிட்டது. ஊருக்குப் போனால் இவர்களுக்கு ஒரு நாளாவது அதைக் காட்டிவிட வேண்டும்.

3

போன வருஷம் தாத்தாவின் முதல் திதிக்குப் போனோம். பள்ளிக்கூட விடுமுறையும் ஐப்பசியும் ஒன்றாக வந்தன. அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. நான் உங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனேன். ஏர்போர்ட்டில் அம்மா என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "பசங்க பத்திரம்."

நான் போய் இறங்கியது என் மனதில் இருந்த வீட்டில் இல்லை. சித்தப்பா ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு கட்டியிருந்தார். போட்டோவில் பார்த்துத்தான் இருந்தேன். ஆனால் போட்டோவில் பார்ப்பது மண்டையில் ஏறாது. நான் அங்கே நடந்ததெல்லாம் பழைய வீட்டில் நடக்கிற மாதிரிதான். சமையலறைக்குப் போக வேண்டுமென்றால் கால் தோட்டத்துப் பக்கம் போகும்.

திதி வெள்ளிக்கிழமை. காலையில் படையல் முடிந்தது. நல்ல மழை. நீங்கள் இருவரும் மொட்டைமாடியில் மழையில் ஆட்டம் போட்டுவிட்டு நனைந்து வந்தீர்கள். உங்கள் சித்தி கலா எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, மேல் அறையில் உட்கார வைத்தாள். நிலாவின் தலைமுடி இடுப்புவரை சொட்டச் சொட்ட இருந்தது. கலா முடி உலர்த்தும் மெஷினை எடுத்து வந்தாள்.

"அது என்னாத்துக்கு? சாம்பிராணி போடலாம்" என்றேன்.

"இருக்கு மாமா, இதோ" என்று கடையில் விற்கிற கப் சாம்பிராணியை எடுத்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. "இதுவா? இது சென்ட்டு. ஊர்ல இருக்கிற நீங்களே இப்பிடி ஆயிட்டா, நாங்க எங்க போயி தேடறது?"

பக்கத்தில் நின்ற உங்கள் சித்தப்பா சேகர், "பிரெஞ்சு மாப்ளைக்கு ஒரிஜினல்தான் வேணுமாம், எடுத்துக் குடு" என்றார்.

கலா சிரிக்கவில்லை. "கொட்டாங்குச்சி நெருப்புன்னா மாடிக் கொட்டாயில வச்சிப் போடலாம் மாமா. இந்த ரூம்ல வேணாம். ஏசி ரூமு, காத்து போக வழியில்ல."

"அதான் நல்லது. பொகை வெளிய போவாது" என்றேன்.

இந்த வாக்கியத்தை நான் எத்தனை தடவை எனக்குள்ளே சொல்லிப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. கலா எச்சரித்தாள். நான் அவளுக்கு ஊர் வழக்கம் சொல்லிக்கொடுத்தேன்.

தூபக்கால் சின்னது. அது போதாதென்று இரும்புச் சட்டி நிறைய நெருப்பை அள்ளி மேலே கொண்டுபோனேன். கூடையைக் கவிழ்த்தேன். நிலா, நீ கட்டில் ஓரத்தில் படுத்து முடியைக் கூடை மேல் விரித்தாய். "பப்பா, கண் எரியுது" என்றாய். "மூடிக்கோம்மா, இப்ப நல்லா இருக்கும்" என்றேன். திலீபன் கட்டிலின் அந்தப் பக்கம் போனில் ஏதோ பார்த்துக்கொண்டு கிடந்தான். அறை முழுக்கப் புகை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, எரிச்சலால் மட்டுமில்லை. எல்லாம் திரும்பக் கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது. கண்ணாடி ஜன்னலை இழுத்துச் சாத்தினேன். வெளியே வந்து கதவையும் சாத்தினேன்.

கீழே போய் உட்கார்ந்தேன். திதிக்கு வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் பிரான்சைப் பற்றிக் கேட்டார்கள். சொல்லிக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று கடிகாரம் பார்க்கவில்லை. இரண்டு தடவை காப்பி வந்தது. நடுவில் ஒரு தடவை மாடிப்படி வரைக்கும் போய் எட்டிக் கேட்டேன். சத்தமில்லை. கூடை வெதுவெதுப்பில் தூங்கிவிட்டார்கள் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். நானும் என் தம்பியும் தூங்கின மாதிரி.

அந்தச் சந்தோஷம்தான் இப்போது என்னை அதிகமாக அடிக்கிறது.

கலா பலகாரத் தட்டோடு மேலே போனாள். தட்டு விழுந்த சத்தம் கேட்டது. அப்புறம் அவள் குரல்.

"மாமா, வாங்க. பசங்க எழுந்திரிக்கல."

நான் போனபோது கதவு திறந்திருந்தது. புகை கலைந்துபோய் அறை தெளிவாக இருந்தது. சட்டியில் நெருப்பு மட்டும் சிவப்பாக, அழகாக இருந்தது. திலீபன் தலையணையில் வாந்தி எடுத்துவிட்டு அதிலேயே கன்னத்தை வைத்துக் கிடந்தான். நிலா, நீ கட்டிலில் இல்லை. கதவுக்குப் பின்னால், தரையில், நெற்றியைச் சுவரில் முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். கதவைத் திறக்க எழுந்து வந்திருக்கிறாய், திறக்க முடியவில்லை. நான் கூப்பிட்டதற்கு பிரெஞ்சில் ஏதோ முனகினாய். எனக்குப் புரியவில்லை.

அப்போது உங்கள் அப்பன் என்ன செய்தான் தெரியுமா? இதைத்தான் ஒரு வருஷமாக ஒருவரிடமும் நான் சொல்லாமல் வைத்திருந்தேன். ஊர்க்கண்ணெல்லாம் பிள்ளைகள் மேல் விழுந்துவிட்டது என்று நினைத்தேன். காலையிலிருந்து எத்தனை பேர், "பிரான்சு பசங்க, எப்பிடி இருக்குது பாரு" என்று கன்னத்தைக் கிள்ளினார்கள். திருஷ்டி. வேறொன்றும் என் புத்தியில் வரவில்லை.

"வெண்கடுகும் மொளகாயும் எடுத்தா" என்றேன். நெருப்பை ஊதிவிடக் குனிந்தேன்.

கலா என்னைத் தோளில் கைவைத்துத் தள்ளினாள். மாமா என்று கூப்பிட்டுத் தலைகுனிந்து பேசுகிறவள் அவள். "அந்தச் சட்டிய மொதல்ல வெளிய கொண்டுபோங்க. கரி மூச்ச அடைச்சிருக்கு." சொல்லிக்கொண்டே திலீபனைத் தோளில் போட்டு மொட்டைமாடிக்கு ஓடினாள். திரும்பி வந்து உன்னை அக்குளில் கைகொடுத்து இழுத்துக்கொண்டு போனாள். கொட்டுகிற மழையில் உங்கள் இரண்டு பேரையும் படுக்கவைத்து முகத்தைத் திருப்பிவிட்டாள். நான் நெருப்புச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அறை நடுவில் நின்றேன். கை சுட்டதுகூட அப்புறம்தான் தெரிந்தது.

4

ஆட்டோவில் திலீபன் கலா மடியில். நிலா என் மடியில். சேகர் முன்னால் பைக்கில் போய் வழிவிடச் சொல்லிக்கொண்டே போனார்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா. உங்கள் முகத்தில் ஆக்சிஜனை வைத்துவிட்டு என்னைக் கேட்டார்.

"வீட்ல ஜெனரேட்டர் ஓடிச்சா?"

"இல்லம்மா."

"கரி அடுப்பு?"

"இல்லம்மா. சாம்பிராணிதான் போட்டோம்."

"எதுல போட்டீங்க?"

"கொட்டாங்குச்சி நெருப்புல."

"கதவு?"

டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"சாம்பிராணி இல்லீங்க, கரி. மூடின ரூம்ல நெருப்பு கனிஞ்சா கார்பன் மோனாக்சைடு வரும். பொகையாவது கண்ணுக்குத் தெரியும், மூக்குக்குத் தெரியும், இருமல் வரும், ஆள் எழுந்து ஓடிடுவாங்க. இதுக்கு நிறமும் இல்ல, வாசனையும் இல்ல. தூக்கம் வர மாதிரிதான் இருக்கும். இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா..."

வாசனையே இல்லையாம். பிறந்ததிலிருந்து நான் எதை நம்பினேன்? வாசனை வந்தால் நல்லது நடக்கிறது, சாமி வந்திருக்கிறது, வீடு சுத்தமாகிறது. அதே நெருப்பிலிருந்து, அதே நேரத்தில், வாசனையே இல்லாத ஒன்று கிளம்பி என் பிள்ளைகள் மேல் படுத்திருக்கிறது. நான் கீழே உட்கார்ந்து காப்பி குடித்திருக்கிறேன்.

அப்படியென்றால் நாங்கள் எப்படிப் பிழைத்தோம் என்று சேகரிடம் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"அது ஓட்டு வீடுண்ணே. செவுத்துக்கும் ஓட்டுக்கும் நடுவுல அணில் ஓடும், ஞாபகம் இல்ல? சுவாசம் விடற வீடு அது. இது பெட்டி. நாங்க யாரும் உள்ள போடறதில்ல. கலா எப்பவும் வாசக்கதவத் தொறந்து வச்சிட்டு, அந்தக் கப்ப வச்சிட்டு எடுத்துடுவா."

வழக்கத்தை விட்டுவிட்டார்கள் என்று நான் யாரைக் கேவலமாக நினைத்தேனோ, அவர்கள் வீடு மாறியதும் வழக்கத்தையும் மாற்றிக்கொண்டிருந்தார்கள். மாறாமல் இருந்தது நான்தான். நான் வெளியூரில் உட்கார்ந்து ஒரு ஓட்டு வீட்டை மனதில் பூட்டி வைத்திருந்தேன். அந்த வீட்டு நெருப்பைக் கொண்டுபோய் இந்த வீட்டுக்குள் வைத்தேன்.

விடிவதற்குள் திலீபன் கண் திறந்தான். "பப்பா, பசிக்குது" என்றான். நிலா, நீ தலை வலிக்கிறது என்றாய். டாக்டரம்மா உங்கள் கண்ணைப் பார்த்தார், நடக்கச் சொன்னார், பெயர் கேட்டார், நல்லபடியாக இருக்கிறது என்றார். கலா அப்போதுதான் நனைந்த புடவையைப் பிழிந்தாள்.

5

இனிமேல் சொல்வதுதான் எனக்கு அதைவிட வெட்கம்.

காலையில் அம்மா போன் செய்தாள். நிலா, நான் வாங்குவதற்குள் நீ சொல்லிவிட்டாய், ஆஸ்பத்திரியில் இருக்கிறோம் என்று. அம்மா என்னிடம் கேட்டாள். "என்னா ஆச்சி?" எனக்கு ஏர்போர்ட்டில் அவள் சொன்னதுதான் காதில் கேட்டது. பசங்க பத்திரம்.

"தண்ணி ஒத்துக்கல போல" என்றேன்.

வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. வந்துவிட்டது. அம்மா உடனே, "போன கலாகிட்ட குடு" என்றாள். நான் கொடுத்தேன். ஸ்பீக்கரில் இருந்தது. சேகர், கலா, நான், மூன்று பேரும் கேட்டோம்.

"கலா, பசங்களுக்கு என்னா தண்ணி குடுத்த? காய்ச்சி ஆற வச்சிக் குடுன்னு நூறு தடவ சொன்னேனே."

கலா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் சொன்னாள்.

"மறந்துட்டேன்கா. திதி வேலையில அப்பிடியே குடுத்துட்டேன். மன்னிச்சிக்கோ."

அவளுக்கு நான் கைகாட்டவில்லை, கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் பிள்ளைகளை மழையில் இழுத்துப்போட்டுப் பிழைக்கவைத்தவள், அவர்களுக்கு விஷம் கொடுத்தவளாக நின்றாள். வராந்தாவுக்கு வந்ததும் சேகர் என்னிடம், "அண்ணே, இது சரியில்ல" என்று மட்டும் சொன்னார். "அப்புறமா நானே சொல்லிடறேன்" என்றேன். புகை போட்டதற்கு அப்புறம் எதுவும் நினைவில்லாத உங்களுக்கும் அதே தண்ணீர்க் கதையைத்தான் சொன்னேன்.

அப்புறம் என்பது ஒரு வருஷம் ஆகிவிட்டது.

அந்தப் பொய் அங்கேயே நின்றிருந்தாலாவது பரவாயில்லை. அதற்குக் கால் முளைத்தது. அம்மா தன் அக்காவிடம் சொன்னாள். உங்கள் பெரியம்மா சித்திரையில் ஊருக்குப் போனபோது கலா வீட்டுக்குக் கையில் பாட்டில் தண்ணீரோடு போனார்களாம். கலா கொடுத்த மோரைத் தொடவில்லையாம். சேகர் போனில் இதைச் சொன்னபோது நான் வேறு பேச்சு பேசினேன். நிலா, நீயும், "நான் பாண்டிச்சேரிக்கு வரல, அங்க தண்ணி குடிச்சா மயக்கம் வரும்" என்று இந்த வருஷத் திதிக்கு வர மாட்டேன் என்றாய். தம்பியும் பின்பாட்டு பாடினான். டிக்கெட் எடுக்கவில்லை.

உங்களை ஊரோடு சேர்க்கத்தான் அந்தப் புகையைப் போட்டேன். ஊரையே உங்களிடமிருந்து வெட்டிவிட்டேன்.

6

செவ்வாய்க்கிழமை மாலை அம்மா வேலையிலிருந்து வந்து கோட்டைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன். கோட்டில் ஒரு கை உள்ளேயும் ஒரு கை வெளியேயுமாக நின்றபடி கேட்டாள். வெண்கடுகு கேட்டதையும் சொன்னேன். முடித்ததும் உட்கார்ந்தாள்.

"பசங்க செத்திருக்கும்" என்றாள்.

"ஆமா."

"கலாவ நான் என்னென்னா பேசினேன் தெரியுமா உனக்கு? நீ இல்லாதப்ப வேற பேசினேன். வீடு பெருக்கத் தெரியாதவன்னு பேசினேன். அவ ஒரு தடவகூட..." அன்று அவள் என்னோடு சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. நீங்கள் இருவரும் என்ன சண்டை என்று ஜாடையில் பேசிக்கொண்டீர்கள். அந்தச் சண்டை இதுதான்.

வியாழக்கிழமை அவளே ஊருக்குப் போன் போட்டாள். கலா எடுத்ததும் அம்மாவுக்கு அழுகைதான் வந்தது. கலா, "அத விடுக்கா. பசங்க கண்ணத் தொறந்துச்சே" என்றாள். அப்புறம், "மாமா சொல்லிட்டாரா?" என்று கேட்டாள். "சொல்லிட்டாரு" என்றாள் அம்மா. பிறகு கலா சொன்னாள். "நல்லதா போச்சி. எனக்கே அப்பப்ப சந்தேகம் வந்துடும்கா, தண்ணியத்தான் காய்ச்சாம குடுத்துட்டமோன்னு."

நான் சொன்ன பொய்யை அவள்கூடப் பாதி நம்பத் தொடங்கியிருக்கிறாள்.

இந்தக் கடிதத்தில் ஒரு பிரதி சேகருக்குப் போகிறது. முத்தியால்பேட்டையில் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். பெரியம்மாவுக்கும் ஒன்று. கலா வீட்டுத் தண்ணீரில் ஒரு குற்றமும் இல்லை.

உங்களுக்குச் சொல்ல இரண்டுதான் இருக்கிறது. சாம்பிராணியை வெறுக்காதீர்கள். அது மரத்துப் பால். அதற்கு ஒரு கெடுதலும் தெரியாது. என்றைக்காவது உங்கள் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று தோன்றினால் திறந்த வெளியில் காட்டுங்கள். இன்னொன்று. பெரியவர்கள் வழக்கம் என்று எதைச் சொன்னாலும், அந்த வழக்கம் எந்த வீட்டில் பிறந்தது, இப்போது நாம் எந்த வீட்டில் இருக்கிறோம் என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படுவார்கள். நானும் கலாவிடம் கோபப்பட்டேன். அப்படியும் கேளுங்கள்.

படிவத்தை நானே திருத்தினேன், நிலா. நீ எழுதியதன் மேல் கோடு போட்டுவிட்டு, அகராதியைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். மூடிய அறையில் கரி நெருப்பு. வைத்தது அப்பா. காப்பாற்றியது சித்தி. பிரெஞ்சில் தப்பு இருக்கும். நீ திருத்தாதே.

இதுவரைக்கும் இன்று காலை எழுதினேன். நீங்கள் பள்ளிக்கூடத்தில். அம்மா வேலையில். எனக்கு இன்று ஓய்வு. காகிதத்தை மடித்து உங்கள் அறையில் வைக்கலாம் என்று வந்தேன். ஜன்னலைப் பார்த்தேன்.

ஜன்னல் சட்டத்தின் மேலே, விரல் நீளத்தில் காற்று வருகிற ஒரு பிளவு. கட்டும்போதே வைத்தது. நாம் இந்த வீட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், உங்கள் தலைமாட்டில் குளிர் இறங்குகிறதென்று, பெட்டி ஒட்டுகிற பழுப்பு டேப்பை அதன் மேல் மூன்று வரிசை நானே ஒட்டினேன். சமையலறையில் வீட்டைச் சூடாக்குகிற காஸ் பாய்லர் எரிகிறது, அதுவும் நெருப்புதான். வருஷா வருஷம் அதைப் பார்க்க வருகிற ஆள் இந்த டேப்பைக் காட்டி ஏதோ நீளமாகச் சொல்வார். எனக்குப் புரியாது. "வுய், வுய்" என்று தலையாட்டி அனுப்பிவிடுவேன்.

திலீபனின் நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறினேன். டேப் காய்ந்து மரத்தோடு ஒட்டிப்போயிருந்தது. நகத்தால் சுரண்டிச் சுரண்டி, துண்டு துண்டாக உரித்தேன். கடைசித் துண்டு வந்ததும் காற்று ஒரு கோடாக என் நெற்றியில் பட்டது. அதில் எந்த வாசனையும் இல்லை. இறங்காமல் அப்படியே நின்றேன், அறை முழுக்கச் சில்லிடும் வரைக்கும்.